வெள்ளை மாளிகையின் பந்தி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மூத்த பேராசிரியர் ஆய்வு மாணவர்கள் ஐந்து பேரைத் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தார். பெயர் வேண்டாம். மேடைகளில் அம்பேத்கரையும் பெரியாரையும் அடிக்கடி மேற்கோள் காட்டுபவர். எல்லோருக்கும் ஒரே மாதிரியான பீங்கான் கோப்பை, ஒரே தட்டில் முறுக்கு. சந்தேகப்பட எதுவுமில்லை. குடித்து முடித்ததும், பெண்பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஊட்டப்பட்ட பழக்கத்தில், நானும் தோழியும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தோம். தோழி நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் நிலைப்படியை நெருங்கும்போது பேராசிரியரின் துணைவியார் சிரித்த முகத்தோடு குறுக்கே வந்தார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்? அங்க வச்சுட்டுப் போய் உட்காரு" என்றார். அவர் காட்டிய இடம் பின்கட்டில் இருந்த துணி துவைக்கும் கல். தோழி கொண்டுபோன கோப்பை உள்ளே தொட்டியில் கிடந்தது. என்னுடையது வெளியே கல்லின் மேல் தனியாக இருந்தது. கூடத்தில் பேராசிரியர் கிராம்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பேருந்தில் திரும்பும்போது தோழி சொன்னாள்: "சார் அப்படிப்பட்டவர் இல்லடி. மேடம்தான் கொஞ்சம் பழைய ஆளு."

இந்த வாக்கியம் நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கமானது. 'எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுலதான் ஒத்துக்க மாட்டாங்க.' தமிழில் 'வீட்டில்' என்றால் மனைவி. சாதி மறுப்பு கூடத்தில் நடக்கும். சாதி சமையலறையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு நிற்பார். விருந்தோம்பல் என்று இதற்குத்தான் பெயர் வைத்திருக்கிறோம்.

ஒப்பீட்டு இயல் ஒன்றுக்காக அமெரிக்க வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, இதே நிலைப்படியை வெள்ளை மாளிகையில் பார்த்தேன். அங்கே நின்றவருக்குப் பெயர் முதல் பெண்மணி.

அதிபரின் மனைவியைப் பற்றி அமெரிக்க அரசமைப்புச் சட்டம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது தேர்தலில் வெல்லும் பதவி அல்ல. சம்பளமும் கிடையாது. ஆனால் முதல் அதிபர் காலந்தொட்டு அரசின் விருந்தை நடத்துவது மனைவியின் வேலையாகவே இருந்துவருகிறது. மனைவி இல்லாவிட்டால் வேறொரு பெண்ணைத் தேடிப் பிடிப்பார்கள். மனைவியை இழந்த ஜெபர்சனுக்கு மகள் மார்த்தாவும், அமைச்சர் மேடிசனின் மனைவி டாலியும் அந்த வேலையைச் செய்தார்கள். மணமாகாத புக்கானனுக்குத் தங்கை மகள் ஹாரியட் லேன் செய்தார். 1978இல் வந்த சட்டம்தான் முதன்முறையாக, அதிபருக்கு உதவும் மனைவிக்கு அரசு ஊழியர்களை ஒதுக்கலாம் என்று எழுதியது. மனைவி இல்லையென்றால் குடும்பத்தில் வேறு யாரையாவது அதிபர் குறிப்பிடலாம் என்றும் அதில் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி அப்போதும் பேச்சில்லை. கூலியில்லாத வீட்டு வேலையை அரசாங்க வேலையாக்கி, அதையும் கூலியில்லாமல் வாங்கிக்கொண்ட கதை இது. பெண்ணியர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

ஆனால் நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கூலியில்லாமல் உபசரித்த அந்தப் பெண்மணிக்குப் பின்னால், கூலியே இல்லாத இன்னொரு கூட்டம் நின்றது. அவர்களுக்குப் பின்கட்டைத் தாண்டி வர, கையில் தட்டு இருக்க வேண்டும்.

முதல் அதிபரிடமிருந்தே தொடங்கலாம். பிலடெல்பியாவில் வாஷிங்டன் குடும்பம் இருந்தபோது, வெள்ளிக்கிழமை மாலைகளில் மார்த்தா வாஷிங்டன் வரவேற்பு நடத்துவார். வந்தவர்கள் அவருடைய எளிமையையும் கனிவையும் புகழ்ந்தார்கள். அந்த மாலைகளுக்காக அவருக்கு உடை உடுத்தி, தலைவாரி, ஊசிநூலோடு பக்கத்தில் நின்றவர் ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண். பென்சில்வேனியாவில் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம். அதைத் தவிர்க்க, ஆறு மாதம் நிறைவதற்குள் அடிமைகளை மாநில எல்லையைத் தாண்டி அனுப்பிவிட்டுத் திரும்ப வரவழைக்கும் ஏற்பாட்டை வாஷிங்டன் குடும்பம் வைத்திருந்தது. நாட்டின் முதல் குடிமகன் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓனாவைத் தன் பேத்திக்குத் திருமணப் பரிசாகக் கொடுக்க மார்த்தா முடிவு செய்தார். 1796 மே மாதம், வர்ஜீனியா பயணத்துக்காக வீடே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஓனாவும் தன் மூட்டையைக் கட்டினார். அதிபரும் மனைவியும் உணவு மேசையில் இருந்த நேரத்தில் வெளியேறினார். நகரத்தின் கறுப்பின மக்கள் அவரை மறைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்று விளம்பரம் வந்தது. வாஷிங்டன் ஆளனுப்பிப் பார்த்தார், ஓனா திரும்பவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வறுமையில் வாழ்ந்து, 1848இல் சட்டப்படி அடிமையாகவே இறந்தார். முதுமையில் பத்திரிகைக்காரர்கள் தேடிவந்து கேட்டபோது, போனதற்காக வருந்தவில்லை என்றுதான் சொன்னார். மார்த்தாவுக்கோ, வீட்டுப் பிள்ளைபோல வைத்திருந்தும் ஓடிவிட்டாளே என்ற குறை. 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான்' என்ற பேச்சை நம் ஊர்ப் பண்ணை வீடுகளில் வேலை பார்த்த பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குச் சோறு எந்த இடத்தில் வைத்துப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அடுத்து டாலி மேடிசன். உபசரிப்பு என்றால் இன்றும் அமெரிக்கர்கள் சொல்லும் முதல் பெயர் இவருடையது. புதன்கிழமை இரவுகளில் அவர் கூட்டும் விருந்தில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். நாடாளுமன்றத்தில் முடியாத பேரங்கள் அங்கே முடியும். 1814 ஆகஸ்ட் 24 அன்று ஆங்கிலேயப் படை தலைநகருக்குள் வந்தபோது, வாஷிங்டனின் ஓவியத்தைக் காப்பாற்றிய வீராங்கனை என்றும் பாடநூல்கள் அவரைச் சொல்லும். அன்று மதியம் மேசையில் தட்டுகளை அடுக்கி வைத்தவன் பதினைந்து வயது அடிமைச் சிறுவன் பால் ஜென்னிங்ஸ். 1865இல், விடுதலை பெற்ற மனிதராக, அவர் ஒரு சிறு நினைவு நூல் எழுதினார். வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவர் எழுதிய முதல் நினைவுக் குறிப்பு அதுதான் என்கிறார்கள். ஓவியத்தை இறக்கியது டாலி அல்ல, வாயிற்காவலரும் தோட்டக்காரரும்தான் என்று அதில் அவர் எழுதியிருக்கிறார். கிடைத்த வெள்ளிச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பத்தான் அம்மையாருக்கு நேரமிருந்தது என்கிறார்.

வீராங்கனைக் கதை பொய்யா மெய்யா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. கணவர் இறந்தபின் டாலிக்கு வறுமை வந்தது. 1846இல் ஜென்னிங்ஸை 200 டாலருக்கு விற்றார். அடுத்த ஆண்டு செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து அவரை மீட்டார். மாதம் எட்டு டாலர் வீதம் வேலை செய்து ஜென்னிங்ஸ் கடனைக் கழித்தார். அந்த நாள்களில் டாலி சாப்பாட்டுக்கே சிரமப்படுகிறார் என்று அறிந்து, ஜென்னிங்ஸ் அவ்வப்போது தன் கையிலிருந்து சிறு தொகை கொடுத்திருக்கிறார். வெப்ஸ்டர் வீட்டிலிருந்து கூடையில் பொருள்களும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவின் மிகச் சிறந்த விருந்தோம்பியாகக் கொண்டாடப்பட்ட பெண்மணிக்குக் கடைசியில் சோறு கொடுத்தது, அவர் விற்ற மனிதர். இதை ஜென்னிங்ஸின் பெருந்தன்மை என்று சொல்லிக் கண் கலங்குகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடிமை முறை ஒழிந்தபின் கேள்வி மாறியது. கறுப்பர் பரிமாறலாம், சரி, உட்காரலாமா?

1901 அக்டோபர் 16. அடிமையாகப் பிறந்து, டஸ்கீகி கல்வி நிறுவனத்தை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டனை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இரவு உணவுக்கு அழைத்தார். மேசையில் அதிபரின் மனைவி ஈடித்தும் குடும்பத்தாரும் இருந்தார்கள். மறுநாள் செய்தி வெளியானதும் தென்மாநிலங்கள் கொதித்தன. ஆயிரம் கறுப்பர்களைக் கொன்றால்தான் இனி அவர்கள் தங்கள் இடத்தை உணர்வார்கள் என்ற பொருளில் தென் கரோலினா செனட்டர் பென் டில்மன் பேசினார். கறுப்பர்கள் அதற்கு முன்பும் அதிபர்களைச் சந்தித்திருக்கிறார்கள். லிங்கனே பிரெடரிக் டக்ளஸைச் சந்தித்துப் பேசினார். அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், ஆலோசனை சொல்லலாம். இங்கே தாங்க முடியாமல் போனது, வெள்ளைப் பெண் விருந்தளிக்கும் மேசையில், அவர் உட்காரும்போது, கறுப்பு ஆணும் உட்கார்ந்ததுதான். இன்று சோறு, நாளை கல்யாணமா என்று பத்திரிகைகள் வெளிப்படையாகவே கேட்டன. ரூஸ்வெல்ட் அதன்பின் வேறு எந்தக் கறுப்பரையும் இரவு உணவுக்கு அழைக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கு 'வெள்ளை மாளிகை' என்ற பெயரை அதிகாரப்பூர்வமாக்கியதும் அவர்தான், அதே 1901இல்!

இன்று சோறு, நாளை கல்யாணம் என்ற பயத்தை நாம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916இல் படித்த கட்டுரையில், சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார் அம்பேத்கர். உடன்கட்டை, விதவைக் கட்டுப்பாடு, சிறுமி மணம் எல்லாம் அந்த அகமணத்தைக் காப்பாற்றப் பெண்ணின் மேல் போட்ட பூட்டுகள் என்று காட்டினார். அவர் அமெரிக்காவில் படித்த ஆண்டுகளில் அதிபராக இருந்தவர் வுட்ரோ வில்சன். கருவூலத்திலும் அஞ்சல் துறையிலும் கறுப்பு ஊழியர்களையும் வெள்ளை ஊழியர்களையும் பிரித்து உட்கார வைத்தது அவருடைய அரசாங்கம். மேசையும் மணமும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். அந்தக் கயிற்றை வீட்டுக்குள் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை பெண்ணுக்குத் தரப்படுகிறது. பிடிப்பது அவள் கை. கயிறு யாருடையது?

இனி 1929. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஆண்டு. சிகாகோவிலிருந்து தேர்வான ஆஸ்கர் டி பிரீஸ்ட் அந்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார். 1901க்குப் பிறகு அங்கே நுழைந்த முதல் கறுப்பர். அதிபரின் மனைவி லூ ஹூவருக்கு, மரபுப்படி, உறுப்பினர்களின் மனைவியருக்குத் தேநீர் விருந்து தர வேண்டிய கடமை இருந்தது. ஆஸ்கரின் மனைவி ஜெஸ்ஸியை அழைக்காமல் விட்டால் மரபு மீறல். அழைத்தாலோ தென்மாநில உறுப்பினர்களின் மனைவியர் வர மாட்டார்கள்.

லூ ஹூவர் என்ன செய்தார் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விருந்தைப் பல பிரிவுகளாகப் பிரித்தார். மற்ற மனைவியருக்கான தேநீர்கள் முதலில் நடந்து முடிந்தன. பிறகு, மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொண்ட சில பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்தார். தன் சொந்தத் தங்கையையும் சேர்த்துக்கொண்டார். ஜெஸ்ஸிக்கு அழைப்பு சத்தமில்லாமல் போனது. ஜூன் 12 அன்று, பத்துப் பதினைந்து பேர் கூடிய சிறு தேநீர் நடந்தது. வெள்ளை மாளிகையின் தலைமை உபசரிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர் பின்னாளில் எழுதிய நூலில், அந்தக் கூட்டத்திலேயே பதற்றமில்லாமல் இருந்தவர் ஜெஸ்ஸிதான் என்று குறித்திருக்கிறார்.

இருக்காதா? ஒரு வீட்டுக்குள் நுழையும்போது எங்கே உட்காருவது, எதைத் தொடுவது, எப்போது எழுவது என்று யோசித்து யோசித்தே நடந்து பழகியவர்கள் நாம். பதற்றம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதும் நாம் சிறுவயதில் கற்ற பாடம். அந்தத் தேநீரில் மிக அதிகமாக உழைத்தவர் உபசரித்தவர் அல்ல, விருந்தாளி.

செய்தி வெளியானதும் வெள்ளை மாளிகை தீட்டுப்பட்டுவிட்டது என்ற பொருளில் தென்மாநில ஏடுகள் எழுதின. நம்முடைய சொல் எவ்வளவு இயல்பாக அங்கே பொருந்துகிறது பாருங்கள்! டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்களின் சட்டமன்றங்களில் கண்டனத் தீர்மானங்கள் வந்தன. தென் கரோலினா செனட்டர் ஒருவர் இனவெறிப் பாட்டு ஒன்றையே தீர்மானத்தோடு சேர்த்து அவையில் வைத்தார். பிறகு அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்க நேர்ந்தது. லூ ஹூவர் வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. அவருடைய கணவர் சில நாள்களில் டஸ்கீகியின் தலைவர் ராபர்ட் மோட்டனை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார்.

லூ ஹூவரைப் பாராட்டும் கட்டுரைகள் நிறைய உண்டு. அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்தான், நான் மறுக்கவில்லை. நெருக்கடி வந்தபோது அவர் பின்வாங்கி மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் துணிச்சலின் வடிவம் என்ன? நிறவெறி கொண்ட பெண்கள் எல்லோருக்கும் அவர்கள் விரும்பியபடியே கறுப்பர் இல்லாத தேநீர் கிடைத்துவிட்டது. யாரும் யாரோடும் சேர்ந்து உட்கார வேண்டிய கட்டாயம் வரவில்லை. உடைபடாத பந்திக்குப் பக்கத்தில் இன்னொரு பந்தி, அவ்வளவே. அதே 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தனிப்பந்திக்கு ஆதரவாகச் சொன்ன சமாதானம், இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் மனம் நோகக் கூடாது என்பதுதான். நோகக் கூடாத மனம் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1934 ஜனவரியில், ஆஸ்கர் டி பிரீஸ்டின் செயலாளரும் அவருடைய மகனும் நாடாளுமன்றக் கட்டடத்தின் பொது உணவகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். டி பிரீஸ்ட் அவையில் போராடினார். விசாரணைக் குழு போட்டார்கள். குழுவின் பெரும்பான்மை தடையை அசைக்கவில்லை. மனைவி வெள்ளை மாளிகையில் தேநீர் குடித்தாயிற்று, உதவியாளரால் உணவகத்தில் ஒரு வேளை சாப்பிட முடியவில்லை. சமபந்தி போஜனத்தால் மட்டும் சாதி சாகாது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியபோது அவர் மனதில் இருந்தது இந்தியா. ஆனால் அந்தக் கணக்கு இங்கேயும் சரியாக வருகிறது.

தேநீரைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. வெள்ளை மாளிகையின் வீட்டு ஊழியர்களில் பெரும்பகுதியினர் அக்காலத்தில் கறுப்பர்கள். 1909இல் ஹெலன் டாஃப்ட் வந்ததும், வாசலில் நின்ற வெள்ளை உபசரிப்பாளர்களை மாற்றிவிட்டுச் சீருடை போட்ட கறுப்புச் சேவகர்களை நிறுத்தினார். பார்க்க அழகாக இருந்ததாம். ஊழியர்கள் சாப்பிடும் இடமோ நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது. மேலே யாரை உட்கார வைப்பது என்று நாடே அடித்துக்கொண்டபோது, கீழ்த்தளத்தில் அந்தக் கேள்விக்குத் தினமும் மூன்று வேளை பதில் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

எலினார் ரூஸ்வெல்ட் வந்தபின் காட்சி மாறத்தான் செய்தது. பாடகி மரியன் ஆண்டர்சனை 1936இல் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாட வைத்தார். 1939இல் கான்ஸ்டிட்யூஷன் அரங்கை மரியனுக்குத் தர மறுத்த 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' அமைப்பிலிருந்து விலகினார். அதே அமைப்பு 1945இல் ஹேசல் ஸ்காட்டுக்கும் அரங்கைத் தரவில்லை. ஹேசல் இசைக்கலைஞர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவலின் மனைவி. அந்த அமைப்பு அழைத்த தேநீருக்குப் போக வேண்டாம் என்று பவல் கேட்டும் அதிபரின் மனைவி பெஸ் ட்ரூமன் போனார். முதல் பெண்மணி அல்ல, கடைசிப் பெண்மணி என்றார் பவல். ட்ரூமனுக்கு வந்த கோபத்தில் பவலுக்கு வெள்ளை மாளிகையின் கதவே மூடப்பட்டது. மனைவியை அவமதித்துவிட்டானாம். பவலின் மனைவிக்கு நடந்தது அவமானக் கணக்கில் வரவில்லை.

விருந்தாளி நன்றியோடு இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. 1968 ஜனவரியில் லேடி பேர்ட் ஜான்சன் நடத்திய மதிய விருந்தில், இளைஞர் குற்றங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிக் கொல்கிறீர்கள், அதனால்தான் அவர்கள் இப்படியாகிறார்கள் என்று எழுந்து நின்று சொன்னார் எர்தா கிட். முதல் பெண்மணி கண் கலங்கினார் என்று செய்தி வந்தது. அதன்பின் அமெரிக்காவில் எர்தா கிட்டுக்கு வாய்ப்புகள் வற்றின. வெளிநாட்டு மேடைகளில்தான் பாட முடிந்தது. உளவுத்துறை அவரைப் பற்றிக் கோப்பு தயாரித்திருந்தது 1975இல் வெளிவந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பைப் போடுகிறவர்களுக்கு மிகவும் வசதியான பழமொழி.

மிஷேல் ஒபாமாவிடம் வரும்போது ஓனா ஜட்ஜின் வரிசையிலிருந்து ஒரு பெண் அந்த மேசையின் தலைமாட்டில் வந்து உட்காருகிறார். தென் கரோலினாத் தோட்டம் ஒன்றில் அடிமையாக இருந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு மகளாகப் பிறந்தவர் அவர். அடிமைகள் கட்டிய வீட்டில் தினமும் கண் விழிக்கிறேன் என்று 2016 கட்சி மாநாட்டில் அவர் சொன்னபோது, அந்த வீட்டின் உபசரிப்பாளர் ஒருவர் முதன்முறையாக அதன் கொல்லைப்புறத்தைச் சுட்டிக்காட்டினார் என்றே எனக்குப் பட்டது. அந்த அடிமைகளுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டார்கள் என்று ஒரு தொலைக்காட்சிக்காரர் உடனே பதில் சொன்னார். பண்ணையார்கள் எந்தக் கண்டத்திலும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்கள்.

அதே மிஷேலின் முதல் அரசு விருந்து 2009 நவம்பரில் மன்மோகன் சிங்குக்காக நடந்தது. உணவு பெரும்பாலும் சைவம். 2023 ஜூனில் ஜில் பைடன் மோடிக்குக் கொடுத்த விருந்திலும் சைவமே. மீன் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விருந்தாளிகள் சைவம் உண்பவர்கள், அவர்களுக்கு ஏற்றபடி சமைத்தார்கள், அது பண்பாடுதான். எனக்குக் கசப்பது, உலகத்தின் கண்ணில் அதுவே 'இந்திய உணவு' ஆகிவிடுவது.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று டெல்லியில் விருந்து கொடுத்தது நாமே. ஜி20 தலைவர்களுக்கான இரவு விருந்து. அழைத்தவர் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சாந்தால் பழங்குடியில் பிறந்த பெண். கணவரை இழந்தவர். விதவையை நல்ல காரியங்களில் முன்னே நிற்க விடாத நாட்டில், யாருடைய மனைவியாகவும் இல்லாமல் அரசின் தலைவராகவே நின்று அவர் உலகத் தலைவர்களை வரவேற்றதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். மேசையில் இருந்தது முழுச் சைவம். நாட்டில் பெரும்பான்மையினர் மீனோ கறியோ முட்டையோ உண்பவர்கள் என்று அரசின் கணக்கெடுப்புகளே சொல்கின்றன. ஒருவர் தன் தட்டில் என்ன வைத்துக்கொள்கிறார் என்பது அவர் உரிமை. அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் நாட்டின் பெயரால் போடும் பந்தியில், சாந்தால் வீட்டு அடுப்புக்கும் சேரி வீட்டு அடுப்புக்கும் கடற்கரைக் குப்பத்து அடுப்புக்கும் இடமில்லை. விருந்தளிப்பவரை மாற்ற முடிந்த அளவுக்கு நம்மால் சமையலறையை மாற்ற முடியவில்லை.

கே.ஆர். நாராயணன் காலத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கேரளத்து உழவூரில் தலித் குடும்பத்தில் பிறந்தவர் குடியரசுத் தலைவர். பக்கத்தில் பர்மாவில் பிறந்த உஷா, இயற்பெயர் மா டிண்ட் டிண்ட். வெளியுறவுப் பணியில் இருந்தவர் வெளிநாட்டுப் பெண்ணை மணக்க அன்று நேருவின் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எல்லைகளை எல்லாம் தாண்டிய ஒரு மணம் 1997 முதல் 2002 வரை அந்த மாளிகையில் விருந்தளித்தது. அதைப் பற்றி நம்மிடையே எழுத்து அதிகமில்லை என்பது வெட்கம். என் ஆய்வை முடித்தபின் நானாவது எழுத வேண்டும்.

ஆய்வு முடியும் நிலையில்தான் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. தேர்வன்று தேர்வாளர்களுக்கும் துறையினருக்கும் மதிய உணவை ஆய்வாளரே ஏற்பாடு செய்வது எங்கள் பக்க வழக்கம். ஆக, வாழ்க்கையில் முதன்முறையாக நான் விருந்தளிக்கப் போகிறேன். "எல்லாருக்கும் ஒத்துவர மாதிரி நல்ல சைவ ஓட்டல்ல சொல்லிடும்மா, வம்பு வேண்டாம்" என்று துறையில் அன்போடு ஆலோசனை சொன்னார்கள். அம்மா தானே சமைக்கிறேன் என்கிறார். கோழிக்குழம்பு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம், பாயசம். ஐம்பது பேருக்கு உலை வைத்துப் பழகிய கை அது. மற்றவர்கள் வீட்டு விசேஷங்களில் பின்கட்டில் பாத்திரம் துலக்கியும் பழகிய கை.

அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பேராசிரியருக்கும் அவருடைய துணைவியாருக்கும் நேரில் போய் அழைப்பிதழ் கொடுத்தேன். இந்த முறை வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். "கண்டிப்பா வரோம்மா" என்றார் மேடம். வருவார்களா, வந்தால் சாப்பிடுவார்களா என்பது தெரியாது. இலைக் கணக்கில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.